வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிண்ணம்

பட்டாணியை முந்தின இரவே ஊறப்போட வேண்டும்.
இதுதான் சிக்கல்.
வீட்டிலா, அலுவலகத்திலா என்பதை
அவர்கள் காலை ஏழரைக்குப் படுக்கையில் புரண்டபடி முடிவு செய்கிறார்கள்.
பட்டாணி அவ்வளவு நேரம் பொறுக்காது.

தாம்பெரேயில், ஆற்றோரம்,
பழைய பஞ்சாலையின் செங்கல் கட்டடத்தில்
கீழ்த்தளக் கேண்டீன் என்னுடையது.
மேலே நாலு தளம் மென்பொருள்.
முன்பெல்லாம் இருநூற்றுப் பத்துக் கிண்ணம்,
கண்ணை மூடிக்கொண்டு அளந்துவிடுவேன்.
இப்போது செவ்வாய் நூற்றைம்பது.
வியாழன், பட்டாணி சூப்பும் ஜாம் வைத்த அப்பமும் உள்ள நாள்,
நூற்றெண்பதுகூட.
வெள்ளி ஒன்பது.
ஒருமுறை இரண்டு.

திரையில் மட்டுமே பழகியவர்கள்
வியாழக்கிழமை வரிசையில் முதல்முறை பார்த்துக்கொள்வார்கள்.
‘இவ்வளவு உயரமா நீ!’
அந்த ஒரு வரிக்காகவே தட்டைக் கொஞ்சம் மெதுவாக நீட்டுவேன்.

ஒரு செயலி வைத்திருக்கிறார்கள்.
வருகிறவர் பச்சை, வீட்டிலிருப்பவர் நீலம்.
எனக்கும் பார்க்க அனுமதி உண்டு;
என் பெயருக்கு நேரே நிறமில்லை.
நான் அதை நம்புவதுமில்லை.
சன்னலைத் திறந்து கையை நீட்டுவேன்:
மைனஸ் இருபது என்றால் முப்பது கிண்ணம் குறை,
டிராம் நின்றால் இன்னும் பத்து,
பள்ளிகளின் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஒற்றை அடுப்பு போதும்.
இயக்குநர் ஹெல்சிங்கியிலிருந்து வருகிறார் என்றால் மட்டும்
நீலமெல்லாம் பச்சையாகிவிடும்.
ஊறிய பட்டாணிகூட அவ்வளவு பச்சை இல்லை.

கணக்குத் தப்பினால் மிஞ்சியதை டிராமில் கொண்டுபோவேன்.
வராதவர்களின் மதிய உணவை
ஞாயிறுவரை நானே சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு கிண்ண வெள்ளியைச் சொல்ல வேண்டும்.
ஒருவன் யல்மாரி.
வீடு ஒரே அறை, இரட்டைப் பிள்ளைகள், எட்டு வாரம்.
அமைதியைத் தேடி வந்தவன்.
இன்னொருவர் ஓஸ்மோ.
நவம்பரில் மனைவி போனபிறகு
வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசுகிறது என்றார்.
இரைச்சலைத் தேடி வந்தவர்.
நூற்றெழுபது நாற்காலி.
இருவரும் எதிரெதிர் மூலையில்.
இவர் வீட்டை அவனும் அவன் வீட்டை இவரும்
ஒரு மதியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால்
என் சூப்பே தேவைப்பட்டிருக்காது.

நான் கரண்டியைத் தவறவிட்டேன்.
வேண்டுமென்றேதான்.
ஓஸ்மோ நிமிர்ந்து சிரித்தார்.
யல்மாரி அசையவில்லை,
கிண்ணத்தின் பக்கத்தில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தான்.

பனி உருகும் மாதத்தில் கடிதம் வந்தது,
கேட்டரிங் நிறுவனத்திலிருந்து.
‘நெகிழ்வு’ என்ற சொல் ஆறு இடத்தில்.
மேலே உள்ளவர்களுக்கு அது நாளைத் தேர்ந்தெடுப்பது.
எனக்கு வெள்ளிக்கிழமை இல்லை,
வெள்ளிக்கிழமைச் சம்பளமும் இல்லை.
சொல் ஒன்றுதான்.
யார் கையில் இழுபடுகிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.

விளக்கக் கூட்டம் காணொளியில்.
போனை உப்பு டப்பாவில் சாய்த்துவிட்டு
கேரட் நறுக்கியபடி கலந்துகொண்டேன்.
‘மார்கெட்டா, பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளலாமே’ என்றாள் அந்தப் பெண்.
பின்னணியில் நாற்பது லிட்டர் கொதித்துக்கொண்டிருந்தது.
பொறு, என்றேன்.
ஆவி தானாகவே அதைச் செய்தது.

அன்று மாலை செயலியில் என் பெயரைத் தொட்டேன்.
என்ன நிறம் என்று கேட்டது.
இத்தனை நாள் நான் தொடவில்லை, அவ்வளவுதானோ.
வெள்ளிகளுக்கெல்லாம் நீலம் போட்டேன்.
கீழே குறிப்பெழுத இடமிருந்தது:
‘இனி வெள்ளி நான் வீட்டிலிருந்து சமைக்கிறேன்.’

நாலு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள்.
ஓஸ்மோ மட்டும் கேட்டார்:
முகவரி?

வெள்ளியில் பட்டாணி சூப் இந்த ஊரில் வழக்கமில்லை.
இருக்கட்டும்.
வியாழன் இரவு இரண்டு கைப்பிடி ஊறப்போட்டேன்.
விளக்கை அணைக்கப் போனவள் திரும்பிவந்து
இன்னொரு கைப்பிடி போட்டேன்,
யல்மாரி விழித்திருந்தால்.